நாகஜோதி சமம் ஐந்து

டீயைக் குடிங்க டீச்சர், ஆடை கட்டிரப் போகுது. நம்மளை உள்ள கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு. மனமொத்த மாறுதல் கேக்குறவங்களை எப்பவும் கடைசியாத்தான் கூப்பிடுவாங்க. நமக்கென்ன, சண்டையா சச்சரவா? உங்க இடத்துக்கு நான், என் இடத்துக்கு நீங்க. ரெண்டு பேரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டா அதிகாரிக்கும் வேலை மிச்சம்.

நம்ம வெள்ளக்கரடு நடுநிலைப்பள்ளியைப் பத்தி நான் சொல்லக் கூடாது, நீங்களே வந்து பாக்கணும். பஸ்ஸு வாசல்லயே நிக்கும். தண்ணி உண்டு, டீச்சர்களுக்குத் தனி கக்கூஸ் உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. தலைமையாசிரியை தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கிற அம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரத்துல வேலைன்னீங்க, அங்கேருந்து ஒரே பஸ்ஸு. கணக்குக்கு ஒரே ஆளு, ஆறு ஏழு எட்டு மூணு வகுப்பும் உங்க கையில. புள்ளைக தங்கமான புள்ளைக. இயற்கணிதத்துல அதுகளை அடிச்சுக்க இந்தச் சுத்துப்பட்டுல ஆள் கிடையாது. அதுக்குக் காரணம் நான்தான்னு நான் சொல்லிக்கிறதில்ல, ஊரு சொல்லுது.

என்ன பாக்குறீங்க? கேளுங்க, கேளுங்க.

ம். கேப்பீங்கன்னு தெரியும். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி நத்தத்துக்கு அங்கிட்டு இருக்கிற உங்க பள்ளிக்கூடத்துக்கு ஏன் வர்றேன்னுதானே? சுழியை மறைச்சு விக்கிறதுக்கு இது என்ன மாடா டீச்சர்? சொல்றேன். ஒரு மெமோ. அவ்வளவுதான் விஷயம். தலை நரைக்கிற வரைக்கும் கணக்கு நடத்துனவனுக்கு, 'தவறான விடையை மாணவர்களுக்குக் கற்பித்தது ஏன்?'னு விளக்கம் கேட்டு மெமோ. எனக்கு, இந்தத் தவமணிக்கு! மானம் போனப்புறம் அந்தப் போர்டு முன்னாடி நிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும்.

புள்ளைகளுக்கு எக்ஸைப் பாத்தா பயம். 'எழுத்தை எப்படி சார் எண்ணோட கூட்டுறது?'ன்னு கேக்கும். உங்க வகுப்புலயும் இதே கேள்விதானே? நாமளும் ஆப்பிள்னுவோம், வாழைப்பழம்னுவோம், மூடுன டப்பான்னுவோம். ஒண்ணும் ஏறாது. ஒரு நாள் வருகைப் பதிவு எடுத்துக்கிட்டு இருந்தேன். துரைப்பாண்டின்னு ஒரு பய வரலை. சட்டுனு தோணுச்சு. போர்டுல திரும்பி, 'ரெண்டு துரைப்பாண்டி கூட்டல் மூணு சமம் பதினொண்ணு'ன்னு எழுதிட்டேன். இன்னைக்கு வராதவன் எவனோ அவன்தான்டா தெரியாத எண், எல்லாரும் சேந்து அவன் எவ்வளவுன்னு பாருங்கடான்னேன். வகுப்பே குதிச்சுது டீச்சர். 'துரைப்பாண்டி நாலு சார், துரைப்பாண்டி நாலு சார்'னு ஒரே கூச்சல். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பாத்தாங்க.

அன்னையிலேருந்து அதுதான் வழக்கம். யாரு வரலையோ அவங்க பேருதான் போர்டுல. ஒருத்தன் மைனஸ் ஆறுன்னு வந்துட்டான், வாரம் பூரா அவனை 'மைனஸு, மைனஸு'ன்னே கூப்பிட்டு அழ விட்டுட்டாங்க. ரெண்டு பேரு வரலைன்னா, ரெண்டு தெரியாத எண் ஒம்பதாவது பாடம்டா, பேசி வெச்சுக்கிட்டு லீவு போடாதீங்கன்னு சொல்லுவேன். சிரிப்பாங்க. அப்புறம் யாரும் சும்மா லீவு போடுறதில்ல. மைனஸா வர எந்தப் புள்ளைக்குத்தான் ஆசை? வட்டாரப் பயிற்சியில என் முறையை எழுந்து நின்னு சொல்லச் சொன்னாங்க, கை தட்டுனாங்க.

நாகஜோதிங்கிறது அதுல ஒரு புள்ள. அப்பன் கிணறு வெட்டுற வேலைக்குப் போறவன், அம்மா வெள்ளையம்மா ஆடு மேய்க்கும். கணக்குன்னா அந்தப் புள்ளைக்கு உசுரு. நான் கடைசி வரியை எழுதுறதுக்கு முந்தியே விடை அதுக்குத் தெரிஞ்சிரும், வாயை விட்டு வந்துறக் கூடாதேன்னு ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கும். ஏழாவது படிக்கையில வயசுக்கு வந்து, சடங்கு சுத்துற வரைக்கும் பதினாறு நாள் வீட்டோட வெச்சிருந்தாங்க. அத்தனை நாளும் போர்டுல அதுதான். திரும்பி வந்ததும் முதக் கேள்வி, 'சார், நான் என்னென்னவா வந்தேன்?' மத்த புள்ளைககிட்டக் கேட்டு ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பாத்துக்கிச்சு. ஒரு நாள் நான் தப்பாக் கழிச்சிருந்ததை வந்து சொல்லுச்சு டீச்சர், அதுவும் தனியா, மத்தவங்க முன்னாடி சொல்லாம.

போன வருஷம் எட்டாவது. ஆவணி மாசம் அவுகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்து பத்திரிகை வெச்சான். 'புள்ளைக்குச் சடங்கு, சார் அவசியம் வரணும்'னான். தலைமையாசிரியைக்கு மூட்டுவலி, பள்ளிக்கூடம் சார்பா நான்தான் போனேன். வாத்தியார்னு முதப் பந்தியிலயே உக்கார வெச்சாங்க. பாயாசம் ரொம்ப நல்லா இருந்துச்சு. மேடையில புள்ள குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்துச்சு, பக்கத்துல தாய்மாமன், வெள்ளையம்மாவோட தம்பி. அவன் கழுத்துலயும் மாலை. தாய்மாமன் வந்து மாலை போடுறது நம்ம வழக்கந்தானே டீச்சர்? சீர் கொண்டாறவன் அவன்தானே? அவன் போடாம நானா போடுவேன்?

என்ன?

ஆமா. ஏழாவதுலயே சடங்கு ஆச்சுன்னு இப்பத்தான் சொன்னேன். சொன்னேன், இல்லைன்னு சொல்லலை. சில வீட்ல சொந்தக்காரங்களுக்குள்ள மட்டும் முதல்ல முடிச்சுக்கிட்டு, பின்னால ஊரைக் கூப்பிட்டுச் செய்றதில்லையா? செய்வாங்க. எனக்கு அந்த நேரத்துல அது ஞாபகத்துல இல்ல. சோறு போடுற இடத்துல போய் நின்னுக்கிட்டு, 'ஏம்ப்பா, போன வருஷமே ஆயிருச்சே'ன்னு கேக்குறது மரியாதையா? மேளம் கேட்டுச்சு. கெட்டி மேளமா, சும்மா மேளமான்னு பந்தியில இலைக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? கை கழுவிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

போன் பண்ணலையான்னு கேக்க வர்றீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அந்தக் குழந்தைகள் உதவி எண்ணுதானே, நம்ம பள்ளிக்கூடச் சுவத்துல ஆளுயரத்துக்கு எழுதியிருக்கு. அதுக்குக் கீழதான் நான் வண்டியை நிறுத்துறது, அங்கதான் நிழலு. ஊருக்குள்ள வேலை பாக்குறவன் ஊரோட ஒத்துத்தானே போகணும் டீச்சர். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்? எனக்கு ஒரு கனமும் இல்ல.

அந்தப் புள்ளையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லலையே. முந்தின வெள்ளிக்கிழமை போர்டை அழிச்சுக்கிட்டே, 'சார், திங்கக்கிழமையிலேருந்து நான்தான் சார் தெரியாத எண்'ணுன்னுச்சு. ஏம்மா, விசேஷம் முடிஞ்சு எப்ப வருவேன்னேன். அழிச்ச இடத்தையே திரும்பத் திரும்ப அழிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம், 'சார், பின்னமா வர்ற மாதிரி போட்டுறாதீங்க சார். முழு எண்ணா வரணும்'னுச்சு. நான் சிரிச்சேன். உனக்குப் பின்னம் போடுவேனா தாயி, போயிட்டு வான்னு சொன்னேன். போயிட்டு வான்னுதானே சொன்னேன். போன்னு சொல்லலையே.

திங்கக்கிழமை வரலை. 'மூணு நாகஜோதி கூட்டல் அஞ்சு சமம் இருபத்தாறு'ன்னு போட்டேன். ஏழு வந்துச்சு. மறுநாளும் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. மத்த புள்ளைக எல்லாரும் ஒழுங்கா வந்துச்சுக, அதனால தினம் அந்த ஒரே பேருதான் போர்டுல. புரட்டாசி, ஐப்பசி முழுக்க நாகஜோதியை வெச்சே ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் மாத்தினோம், வகுத்தோம், அடைப்புக்குறியை நீக்கினோம். நான் ஒரு நாள் கூடப் பின்னம் வர விடலை. ராத்திரி வீட்ல போட்டுச் சரிபாத்துட்டுத்தான் மறுநாள் எழுதுவேன். வாக்கு வாக்குத்தானே?

கார்த்திகையில அடைமழை பெஞ்சுச்சே, அந்த வாரம் சேதி வந்துச்சு. மாமன் ஊர்ல கிணத்துல தண்ணி எடுக்கப் போயி, கால் தவறி. தவறித்தான் டீச்சர். எல்லாரும் தவறின்னுதான் சொல்றாங்க. கிணறு வெட்டுறவன் மகளுக்குக் கிணத்துல கால் தவறுமான்னு எங்க பள்ளிக்கூடத்துச் சமையல் அம்மா ஒரு தடவை கேட்டுச்சு. நான் அந்தச் சமையல் அம்மாகூடப் பேசுறதையே விட்டுட்டேன்.

பேரை நீக்கியாச்சு. நான் வருகைப் பதிவுல அந்த இடத்தைத் தாண்டி அடுத்த பேரைக் கூப்பிடுறேன். பின்னாடி பெஞ்சிலேருந்து ஒரு குரலு, 'ஆப்சென்ட் சார்.' யாருடா அதுன்னா அத்தனை தலையும் நோட்டுக்குள்ள குனியுது. மறுநாள் வேற பெஞ்சிலேருந்து, வேற குரலு. சரி, இந்தப் பழக்கத்தையே நிறுத்திருவோம்னு பழையபடி எக்ஸ்னு எழுதினேன். அடக்கமாக் கணக்கைப் போட்டாங்க, ஒரு சத்தமில்ல. திருத்த வாங்கிப் பாக்குறேன், அத்தனை பேரும் எல்லா வரியிலும் எக்ஸ்னு எழுதிட்டு, கடைசி வரியில மட்டும் 'நாகஜோதி = 9'னு எழுதியிருக்காங்க. அடிக்கவா முடியும்? விடை சரியா இருக்கே.

அதுக்கப்புறந்தான் வெள்ளையம்மா வர ஆரம்பிச்சுது.

மூணாவது பீரியடு, எட்டாவது வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஆடு கத்துற சத்தம். பாத்தா அந்தம்மா சுவத்துல சாஞ்சு நிக்குது. என்னம்மான்னேன். 'சத்தமாச் சொல்லிக் குடுங்க சார்'னுச்சு. 'எங்க வீட்ல அது பேரை எடுக்கக் கூடாதுன்னு அவுகப்பன் சத்தியம் வாங்கிட்டான். எடுத்தா எந்தம்பி செயிலுக்குப் போயிருவானாம். போட்டோவைக் கூட மச்சுல தூக்கிப் போட்டுட்டான். இங்க மட்டுந்தான் சார் எம்புள்ள பேரு காதுல விழுகுது.' நான் என்ன டீச்சர் செய்ய? எக்ஸை அழிச்சுட்டு மறுபடியும் பேரையே எழுதினேன். பீரியடு முடிஞ்சதும் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கும், 'இன்னைக்கு எம்புள்ள என்ன சார்?' பன்னெண்டும்மான்னேன். 'பன்னெண்டா? நல்லதுதானே சார்?' நல்லதுதாம்மான்னேன். ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிருச்சு.

தினமும். வெயில்னாலும் வந்துரும். அந்தம்மாவைப் பாத்தா நான் போர்டுப் பக்கம் திரும்பிக்குவேன், நெசமாச் சொல்றேன். ஆனா பேய் பிசாசுன்னு எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, நான் கணக்கு வாத்தியார்.

இப்ப மெமோவுக்கு வர்றேன். தை மாசம். முந்தின ராத்திரி தூக்கமில்ல, இப்பல்லாம் தூக்கம் சரியா வர்றதில்ல எனக்கு. 'நாலு நாகஜோதி கூட்டல் ஒம்பது சமம் இருபத்தொம்பது.' இதான் எழுத நினைச்சது. அஞ்சு வரணும். சாக்பீஸ் ஒடிஞ்சுச்சோ என்னவோ, இருபதை விட்டுட்டு வெறும் ஒம்பதுன்னு எழுதிட்டேன். எனக்கே தெரியலை. நீங்க மனசுல போட்டுப் பாருங்க. அந்த ஒம்பதை இந்தப் பக்கம் கொண்டாந்தா...

ஆமா டீச்சர். சைபர்.

புள்ளைக 'நாலு நாகஜோதி சமம் சைபர்' வரைக்கும் எழுதிட்டு நிறுத்திருச்சுக. ஒரு புள்ள கடைசி வரியை எழுதலை. ஒவ்வொண்ணாப் பேனாவை மூடிக் கீழ வைக்குதுக, மூடி மாட்டுற சத்தம் மட்டும் டிக்கு டிக்குன்னு கேக்குது. நான் போர்டைப் பாக்குறேன், எனக்கு ஒண்ணும் ஓடலை. ஜன்னல்லேருந்து அந்தம்மா, 'என்ன சார், சத்தத்தைக் காணோம்? எம்புள்ள என்ன?'ன்னுச்சு.

அஞ்சும்மான்னேன்.

நான் சொல்லி வாயை மூடலை, வகுப்பு மொத்தமும் எந்திரிச்சு, 'நாகஜோதி சமம் அஞ்சு'ன்னுச்சு. நான் சொல்லச் சொல்லலை டீச்சர். அதுகளாத்தான் சொல்லுச்சுக. ஒரு தடவை இல்ல, நிறுத்தாம, தொண்டை கிழிய. அழுதுக்கிட்டே சொன்ன புள்ளையும் உண்டு. அந்த நேரம் பாத்துத்தான் வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு உள்ள வர்றாரு. போர்டுல சைபரு, வாயில அஞ்சு. அவரு போட்டுப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அவர் மேல குத்தம் சொல்ல முடியாது. கணக்குத் தப்பு, தப்புத்தானே? சைபர்னு சொல்லியிருக்கணுமாம். நீங்க இருந்தா சொல்லியிருப்பீங்களா? அந்த ஜன்னலைப் பாத்து?

விளக்கத்துல கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்துட்டேன். வேற என்ன எழுத?

சரி, அந்த வகுப்பு பாஸாகிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு, சனியன் விட்டுச்சுன்னு இந்த ஜூன்ல நிம்மதியாப் போனேன். இப்ப எட்டாவதுக்கு வந்திருக்கிறது ஏழாவதுலேருந்து ஏறுன வேற புள்ளைக. அதுகளுக்கும் நாகஜோதிக்கும் என்ன சம்பந்தம்? முத நாளு எக்ஸ்னு எழுதினேன். முன் பெஞ்சுல ஒரு சின்னப் புள்ள எந்திரிச்சு நிக்குது. 'சார், அங்க நாகஜோதி அக்கான்னு எழுதணும் சார்.' யாரு சொன்னான்னேன். 'அண்ணனுக போறப்ப சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க சார்.' அப்பவே ஜன்னல்ல ஆடு கத்துது. அன்னைக்குச் சாயங்காலமே மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்.

இல்ல டீச்சர், பயப்படாதீங்க. உங்களுக்கு ஒண்ணும் இருக்காது. நீங்க புது ஆளு. ஒரு பேரை எழுதுறீங்க, ஒரு விடை வருது, அந்தம்மாகிட்டச் சொல்றீங்க. முழு எண்ணா மட்டும் பாத்துக்குங்க. அம்புட்டுத்தான் வேலை. எனக்குத்தான் வீட்ல சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தாக்கூட மனசு தானா ஒரு கணக்கைப் போடுது. பஸ்ல டிக்கெட்டைப் பாத்தா அதுல இருக்கிற எண்ணை வெச்சு ஒண்ணு போடுது. கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள இறங்கி நடந்துருவேன். உங்க பள்ளிக்கூடம் தூரமா இருக்கிறதே நல்லதுதான். அங்க யாரும் எனக்குப் பழக்கமில்ல. அங்க போயி எக்ஸ்னு எழுதுவேன், ஒய்னு எழுதுவேன், ஒருத்தர் பேரையும் எழுத மாட்டேன். வராத புள்ளை வராத புள்ளையா இருந்துட்டுப் போகட்டும். அங்க எட்டாவது எப்படி, நல்லாப் போடுங்களா? ரொம்பச் சூட்டிகையான புள்ளை யாராவது இருக்கா?

பரவாயில்லையே. நூத்துக்கு நூறா. பொம்பளைப் புள்ளையா?

இந்த ஞாயித்துக்கிழமையா? என்ன விசேஷம்?

உங்களுக்கும் பத்திரிகை வெச்சாங்களா. சடங்கு. நல்ல விஷயந்தானே, போய்ட்டு வாங்க. அதை ஏன் என்கிட்டச் சொல்றீங்க? அந்தப் புள்ள ஆறாவதுலயே வயசுக்கு வந்து உக்காந்ததுன்னா, அவங்க வீட்டு வழக்கம் எப்படியோ. நமக்கு என்ன தெரியும்? இல்ல, நான் அப்படிச் சொல்லலை. நான் போட்ட கணக்கு வேற, இது வேற. என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க டீச்சர்? இன்னும் கையெழுத்தே போடலையே. உத்தரவு வாங்கினாலும் திங்கக்கிழமையிலேருந்துதானே நான் அங்க வரணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது உங்க வகுப்பு, உங்க புள்ள.

கூப்பிடுறாங்க பாருங்க, நம்ம பேருதான். பேனா இருக்கா? உக்காருங்க, ஏன் எந்திரிச்சுட்டீங்க? சரி, போட வேணாம், கையெழுத்துப் போட வேணாம், உங்க இஷ்டம். நான் எங்கயும் வரலை, இங்கயே கிடக்கேன். ஆனா ஒண்ணு. கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன். அந்தப் புள்ள பேரை மட்டும் என்கிட்டச் சொல்லிறாதீங்க.

சங்கீதாவா?

ஏன் டீச்சர் சொன்னீங்க?